பால் சட்டியில் ஒரு நீலத் தழும்பு

எங்கள் வீட்டுப் பால் சட்டியின் வெளிப்புறத்தில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, பாதி உள்ளங்கை அகலத்துக்கு நீல நிறத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. தடவிப் பார்த்தால் வழவழப்பாக, நடுவில் இரண்டு மூன்று மேடுகளோடு இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் "என்ன இது, பெயிண்டா?" என்று கேட்பார்கள். அம்மா என்னைக் கைகாட்டி, "இவன் படிச்ச படிப்பு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்தத் தழும்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அய்யாவின் வலது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கரையில் வலை கட்டுகிறவர் அய்யா. இளவயதில் கடலுக்குப் போனவர்தான். முழங்கால் தேய்ந்த பிறகு கரையோடு நின்றுகொண்டார். கடலடிப் பாறைப் பாரில் உரசிக் கிழிந்து வரும் வலைகளைக் கொட்டகையில் விரித்துப் போட்டு, ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து, அறுந்த கண்களை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு மூடுவார்கள். அந்த வரிசையில் கிழக்கோரம் அய்யாவின் இடம். என்னை அந்தப் பக்கமே அண்டவிட மாட்டார். சிறுவயதில் ஒரு தடவை வலை ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிடுங்கி வைத்துக்கொண்டு, "போயி பொஸ்தகத்த எடுலே" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வேதியியல் படித்து, இப்போது ராமநாதபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே நடத்துகிறேன். எனக்கு ஒரு கண் வலை கட்டத் தெரியாது.

போன மாசி மாதம் ஒரு காலையில் அய்யாவின் ஊசி கண்ணுக்குள் போகவில்லை. இரண்டு மூன்று தடவை பக்கத்துக் கண்ணில் போனது. விளையாடுகிறார் என்று நினைத்து எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வாய் ஒரு பக்கமாகப் போயிருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீக்கிரம் கொண்டுவந்ததால் தப்பித்தார் என்றார்கள். பேச்சு திரும்பிவிட்டது. காலும் லேசான இழுப்போடு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், நீளும். ஆனால் எதைக் கொடுத்தாலும் அதில் நிற்காது. தானாக வழுக்கி விழுந்துவிடும்.

வீட்டுக்கு வந்த அன்று, கொட்டகையில் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் மாமா பார்க்க வந்தார். அய்யாவுக்கு மச்சான் முறை.

"மச்சான், ஒன் எடத்துல யாரையும் உக்கார விடல. சித்திரையில தடைக்காலம் வந்துரும். ரெண்டு மாசம் படகெல்லாம் கரையிலதான். மொத்த வலையும் எறக்கிக் கட்டணும். அதுக்குள்ள வந்துரு. படகு கடல்ல எறங்கிட்டா, மொதலாளி வேற ஆளக் கொண்டாந்து உக்கார வச்சுருவாரு. அப்பறம் எங்கனால ஒண்ணும் சொல்ல ஏலாது."

அய்யா தன் வலது கையைத் துண்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு சொன்னார்: "படகு எறங்குறதுக்குள்ள வந்துருவேன்."

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அதுவே கெடு.

பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார். சிரிக்கிற மூஞ்சி போட்ட பந்து. காலையும் மாலையும் அமுக்க வேண்டும். அய்யா அதை ஒருநாள் அமுக்கினார். இரண்டாம் நாள் அதன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது யாரப் பாத்துச் சிரிக்குது?" என்று வாசலுக்கு எறிந்தார், இடது கையால். வலை ஊசியைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று தடவை விழுந்தது. நாலாவது தடவை குனிந்து எடுக்கப் போன என்னைப் பார்த்து, "விடுலே. அது கெடக்கட்டும்" என்றார். அதன்பின் ஊசியைத் தொடவில்லை. யாராவது வந்தால் கை துண்டுக்குள் போய்விடும்.

இந்தச் சமயத்தில்தான் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மனைவி, சட்டி பிடிக்கும் கரித்துணிகளை ஒழிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவள் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவின் ஊரான இலங்கை மன்னாரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவள் அம்மாவின் பேச்சு அப்படியே அவளுக்கு வந்திருந்தது. என் அம்மாவை 'மாமி' என்று கூப்பிடுவாள். "நம்ம வீட்டுல ஏதுடா மாமி?" என்று பக்கத்து வீடுகளில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். கல்யாணமாகி வரும்போது, ஜிப் வைத்த பாசுமதி அரிசிப் பை ஒன்று நிறைய மிச்ச நூல் கொண்டுவந்தாள். அவள் அம்மா கதவுத் தோரணமும் குழந்தைத் தொப்பியும் பின்னி மிஞ்சியவை. உல்லனும் பருத்தியும் கலந்து, முழம் முழமாக, நிறம் நிறமாக.

எங்கள் வீட்டில் சூடான பாத்திரத்தை இறக்க அய்யாவின் கிழிந்த கைலித் துண்டு ஒன்று இருக்கும். அது கைக்கு அகப்படாதபோது அம்மாவின் முந்தானை. அம்மாவுக்கு எப்போதும் முந்தானைதான் அகப்படும். உலைப்பானையை முந்தானையால் பிடித்துக் கஞ்சி வடிப்பதைப் பார்த்து என் மனைவி முதல் வாரமே பயந்துபோனாள்.

"மாமி, சீலை பத்திச்செண்டா என்ன செய்வியள்?"

"முப்பது வருசமா பத்தாதது இப்பவா பத்தப் போகுது?"

அவள் பையைத் திறந்து குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய சதுரங்கள். உள்பக்கம் பருத்தி, வெளிப்பக்கம் உல்லன். மேலே சின்னச் சின்னப் புடைப்புகளாக வரும்படி பின்னுவாள். புடைப்புகளுக்கு நடுவில் காற்று நிற்கும், சூடு கைக்கு வராது என்றாள். சிவப்பு தீர்ந்த இடத்தில் பச்சை தொடங்கும், பச்சை தீர்ந்த இடத்தில் ரோஸ்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அய்யா. வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டிருப்பார். நூல் வேலை என்றால் அவருக்கு ஒரு கருத்து இல்லாமல் போகாது.

"ஆத்தா, இதுல முடிச்சு எங்கன இருக்கு?"

"முடிச்சு இல்ல மாமா. தொடக்கத்தில ஒண்டு, கடைசியில ஒண்டு."

"நடுவுல?"

"நடுவில வெறும் வளையம்தான். ஒண்ட ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

"அது எப்பிடி நிக்கும்? ஒண்ணு விட்டுச்சுன்னா?"

அவள் சிரித்துக்கொண்டே ஊசியை உருவினாள். நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். ஒரு மணி நேரமாகப் பின்னிய சதுரம் விறுவிறுவென்று பிரிந்து அவள் மடியில் சுருள் சுருளாக விழுந்தது. அய்யா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஏய், ஏய்! என்னாத்தா பண்ற! பாவம் அத்தன வேலை!"

"ஒண்டும் ஆகேல்ல மாமா. நூல் அப்பிடியே இருக்கு, பாருங்கோ. பிழைச்சா உருவிட்டுத் திரும்பப் பின்னலாம். நான் நாலு தரம் உருவிட்டன்."

வலையில் அப்படி முடியாது. முடிச்சு தப்பானால் கத்தியால் அறுக்க வேண்டும். நூலும் போகும், பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் முன்னால் மானமும் போகும். அய்யா அந்தச் சுருள் நூலை எட்டி எடுத்து விரலால் நீவிப் பார்த்தார். ஒரு சேதமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "அந்த ஊசியக் குடு" என்றார்.

ஊசி அவர் கையில் நிற்கவில்லை. பேனா கனம்கூட இல்லாத கம்பி அது. விழுந்தது, எடுத்தார், விழுந்தது. வாசலில் பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வலை மிதவை ஒன்றை அறுத்து எறிந்தாள். நடுவில் ஓட்டையுள்ள வெள்ளை நுரை மிதவை, எலுமிச்சம்பழத்தை விடப் பெரிது.

"இதுக்குள்ள சொருகிக் குடு. எப்பிடி விழுகுதுன்னு பாப்போம்."

மிதவை அய்யாவின் உள்ளங்கையில் பொருந்தி உட்கார்ந்தது. ஊசி விழவில்லை. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து ஏழெட்டு வளையம் போட்டார். ஒவ்வொன்றும் ஒரு அளவு. உருவினார். மறுபடி போட்டார். தப்பு செய்ய அனுமதி உள்ள ஒரு வேலையை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

என்றாலும் முடிச்சு இல்லாததை அவரால் நம்ப முடியவில்லை. அவர் முதலில் முடித்த சதுரம் பலகை மாதிரி விறைப்பாக இருந்தது. என் மனைவி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இடது கையையும் பல்லையும் உதவிக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருந்தார். இனி எந்த மருமகளாலும் அதை உருவ முடியாது. அம்மா அதை வாங்கித் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது.

"சட்டி பிடிக்கவா இது? உக்காந்து சாப்புடலாம் போலருக்கே!"

"கனமா இருந்தாத்தான் சுடாது" என்றார் அய்யா.

"ஆமா. சட்டிய மட்டும் பிடிக்க வராது."

அடுத்த சதுரத்தில் முடிச்சுகள் பாதியாயின. அதற்கடுத்ததில் ஓரத்தில் மட்டும். நான் கைபேசியில் பின்னல் வீடியோக்களைப் பார்த்து, "ஆறு சங்கிலி, ஒரு சுற்று, ஐந்து தடவை உள்ளே விட்டு ஒன்றாக இழு" என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன், அவர் செய்வார். புடைப்புக்குச் 'சோழி' என்று அவராகப் பேர் வைத்துக்கொண்டார். அதற்குள் சித்திரை பிறந்து, படகுகள் கரைக்கு வந்து, கொட்டகையில் வலைகள் குவியத் தொடங்கிவிட்டன. எங்கள் வாசலிலிருந்தே அந்தச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு காலையும் அய்யா ஊசியை எடுக்கும் முன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

சித்திரைக் கடைசியில் என் மாமியாருக்குக் காய்ச்சல் என்று மனைவி முகாமுக்குப் போய் நாலைந்து நாள் தங்கினாள். அந்த நேரம் பார்த்து அரிசிப் பையில் நூல் தீர்ந்தது.

"கடையில வாங்கியாரவா அய்யா?" என்றேன்.

"நூலுக்கா பஞ்சம் இந்த வீட்டுல?" என்று சிரித்தார். வாசலில் கிடந்த சாக்கைக் காட்டினார். வலையில் வெட்டிய துண்டு நூல்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு. எங்கள் ஊரில் வலைக்கு வருகிற எந்த நூலுக்கும் நைலான் என்றே பெயர். உப்பில் இற்றுப்போகாது, வெயிலில் வெளுக்காது, இழுத்தால் அறாது. அதை விட நல்ல நூல் உலகத்தில் உண்டு என்று எங்கள் கரையில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும்தான்.

மூன்று நாள் அதில் உட்கார்ந்தார். நீலச் சதுரம், பச்சை ஓரம், நடுவில் வரிசை வரிசையாகச் சோழிகள். கைக்குப் பழகிய நூல் என்பதாலோ என்னவோ, வளையங்கள் ஒரே அளவில் வந்தன. முடித்து என்னிடம் நீட்டினார். திருப்பிப் பார்த்தேன். ஒரு முடிச்சு இல்லை. தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. வலது கை முழுதாகச் செய்த முதல் பொருள் அது. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். முகாமில் சிக்னல் கிடைக்காமல் அது போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"நீயே மொதல்ல பிடி" என்று அதை அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மாவுக்கும் பெருமை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பொங்கி வந்த பாலை இறக்க, அந்த நீலச் சதுரத்தால் சட்டியின் விளிம்பைப் பிடித்தாள். அடுப்பை முழுசாக எரியவிட்டிருந்தாள். தீ சட்டியின் பக்கவாட்டில் ஏறியிருந்தது. முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு அம்மா "ஆத்தீ!" என்று கையை உதறினாள். சட்டி அடுப்பிலேயே சாய்ந்து பால் வழிந்தது. நீலச் சதுரம் கீழே விழவில்லை. சட்டியோடு ஒட்டிக்கொண்டு, இளகி, கண்ணெதிரில் கீழ்நோக்கி இறங்கியது. அம்மாவின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீலப் பிசின் ஒட்டியிருந்தது.

கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்தாள்.

"காலேஜ்ல என்னலே படிச்ச?"

"கெமிஸ்ட்ரி."

"அதுல இது வராதா?"

வரும். முந்தின மாதம்தான் நடத்தினேன். சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக் வகைகள். கரும்பலகையில் எழுதி, உதாரணத்துக்கு, 'மீன்பிடி வலை' என்று என் கையாலேயே அடிக்கோடு போட்டிருந்தேன். மாணவர்கள் அதைப் பரீட்சையில் எழுதியும் விட்டார்கள். எனக்கு மட்டும் அடுப்பங்கரையில் ஞாபகம் வரவில்லை. பாடம் பாடத்தில் இருந்தது, வலை வாசலில் கிடந்தது.

அம்மாவின் விரலில் இரண்டு கொப்புளம், அவ்வளவுதான். அய்யாவுக்கு அது அவ்வளவோடு போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்தார். "எங்கையில செஞ்சது, ஒங்கையச் சுட்டுருச்சே" என்றார். நான் என் தப்பு என்று எவ்வளவோ சொன்னேன். மறுநாள் முகாமிலிருந்து திரும்பிய என் மனைவி, "நைலான் கூடாதெண்டு சொல்லாமப் போனது என்ர பிழை மாமா" என்று அழுதாள். அம்மா, "எல்லாரும் வரிசையில நில்லுங்க, ஆளுக்கொரு தப்பா எடுத்துக்கிருங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். அய்யா சிரிக்கவில்லை. மிதவையோடு ஊசியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டார். கை துண்டுக்குள் போனது. படகுகள் இறங்க ஒரு மாதம்தான் இருந்தது.

பேசிப் பார்த்தோம். பந்தைத் தேடிக் கொண்டுவந்து வைத்தோம். கொட்டகை மாமா வந்து, "சட்டியவே வல போட்டுப் பிடிச்சுட்டியாமே மச்சான்!" என்று சீண்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். மருமகள் பின்னிய சதுரங்களையெல்லாம் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கைலித் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டாள். கொப்புளம் ஆறாத விரல்களோடு, முந்தானையால் உலைப்பானையைப் பிடித்தாள். அய்யா உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அடுப்பு நேராகத் தெரியும்.

முதல் நாள் அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள், "சீலையில பிடிக்காத" என்றார்.

"வேற எதுல பிடிக்க?"

"மருமக பின்னுனது இருக்குல்ல?"

"அது மருமக எனக்குக் குடுத்தது. நீங்க குடுத்ததுதான் சட்டியில ஒட்டிக்கிருச்சே. நீங்க வேற குடுங்க. அதுவரைக்கும் எனக்குச் சீல போதும்."

"வெளயாடாத, புள்ள."

"யாரு வெளயாடுறா?" என்று முந்தானையை நன்றாகத் தழைய விட்டுக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், முந்தானை நுனி தீயை உரசுவதுபோலப் போய்த் திரும்பியது. அம்மா வேண்டுமென்றே செய்தாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அய்யா ஒரே அதட்டலாக அதட்டினார். பிறகு, "ஏலே, போயி நூல் கொண்டா. பருத்தி" என்றார்.

பரமக்குடியில் என்னோடு படித்த நண்பன் வீட்டில் தறி இருக்கிறது. அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன். சேலை அறுத்து இறக்கியபின் தறியில் மிஞ்சும் பாவு நூல்களை அவன் அம்மா ஒரு பை நிறையத் திணித்துக் கொடுத்தார். கத்திரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு. மெல்லிய நூல். நாலைந்தைச் சேர்த்து முறுக்கினால்தான் பின்ன வரும். முறுக்குவது மனைவியின் வேலை. எனக்கு அய்யா வேறு வேலை கொடுத்தார்.

"கொளுத்திப் பாத்தியாலே?"

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீளம் வெட்டித் தீக்குச்சியில் காட்ட வேண்டும். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருண்டையாகத் திரண்டால் ஆகாது. அய்யா கண்ணெதிரில் செய்து காட்ட வேண்டும். நேற்று கொளுத்திய அதே மஞ்சளை இன்று எடுத்தாலும் கேட்பார். டியூஷன் மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், என் படிப்பு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அந்தத் தீக்குச்சிகளில்தான்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அரிவாள்மனைக்குக் கீழே வெள்ளையாகத் துகள் கிடந்தது. தேங்காய்ப்பூ என்று நினைத்துக் கூட்டித் தள்ளினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி. ஒரு மத்தியானம் டியூஷன் இல்லாமல் வீட்டிலிருந்தேன். அய்யா சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து, ஊசி செருகிய மிதவையைச் சுற்றிச் சுற்றி, வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"வல ஊசில மிதவையோட எப்பிடிலே கண்ணுக்குள்ள விடுவாரு?" என்றாள் மெதுவாக. "கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும். தெரிஞ்சா பயந்துருவாரு."

எலுமிச்சை அளவு நெல்லிக்காய் ஆனது. நெல்லிக்காய் கோலிக்குண்டானது. அய்யாவின் பின்னல் அதற்கெல்லாம் நிற்கவில்லை. வைகாசிக் கடைசியில் இரட்டை அடுக்குச் சதுரம் ஒன்று முடிந்தது. அரக்கு நடு, மஞ்சள் சோழிகள், கிளிப்பச்சை ஓரம். அம்மா அதை வாங்கி உலைப்பானையைப் பிடித்தாள், கஞ்சியை வடித்தாள், நிமிர்த்தினாள், கீழே வைத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து அய்யாவின் முன்னால் நீட்டினாள். அவர் அதைத் தன் வலது கையால் தொட்டுப் பார்த்தார். பெட்டிப் பூட்டும் அன்றைக்குத்தான் திறந்தது. ஃபிரிட்ஜின் மேலிருந்த ஊசியில் அன்று மிதவையே இல்லை. வெறும் கம்பி.

படகுகள் இறங்க இரண்டு நாள் இருந்தபோது அய்யா கொட்டகைக்குப் போனார். நான் கூடவே போனேன். கிழக்கோரம் காலியாகத்தான் இருந்தது. உட்காரக் கொஞ்ச நேரமானது. மாமா வலை ஊசியை நூல் சுற்றிக் கொடுத்தார். எல்லாரும் தங்கள் வேலையைப் பார்ப்பதுபோல இருந்தார்கள். ஒருவர் கையும் ஓடவில்லை.

அய்யா முதல் முடிச்சுக்குக் குனிந்தார். ஊசி கண்ணுக்குள் போனது. சுற்றினார், இழுத்தார். மாமா குனிந்து அந்த முடிச்சை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். நகரவில்லை.

"நாங்கூட நீ உருவுற முடிச்சுப் போடுவியோன்னு பயந்தேன் மச்சான்" என்றார். "மருமகளோட உக்காந்து பொம்பளப் புள்ளைக வேலையெல்லாம் பழகிட்டேன்னாங்க."

"ஒனக்கும் ஒண்ணு பின்னித் தாரேன்" என்றார் அய்யா, கண்ணை வலையிலிருந்து எடுக்காமல். "படகுல சோத்துப் பானையப் பிடிச்சு ஒம்மகன் கையச் சுட்டுட்டு வாரானாமே. அவனுக்குக் குடு. நனைக்காமப் பிடிக்கச் சொல்லு. நனஞ்சா எதுவும் சுடும்."

அன்று அவர் மூடியது ஒரே ஒரு கிழிசல். மற்றவர்கள் அதற்குள் ஏழெட்டு மூடியிருப்பார்கள். மத்தியானம் எழுந்தபோது மாமா அந்த இடத்தில் அய்யாவின் துண்டை மடித்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அய்யாவின் கை அசந்துபோயிருந்தது. சோறு பிசைய வரவில்லை. அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள் பார்த்து, உருண்டையாகப் பிடித்து அவர் வலது உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"அந்த மிதவை எங்க போச்சுன்னு நான் ஒரு நாளாச்சும் கேட்டேனா?" என்றார்.

"எந்த மிதவை?"

"ஊசில இருந்துச்சே. தெனம் தேஞ்சுக்கிட்டே வந்துச்சே."

"எலி கடிச்சிருக்கும்."

"அருவாமனையில உக்காந்து கடிக்கிற எலியா?"

என் மனைவி எழுந்து தண்ணீர் எடுக்கப் போவதுபோல அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அம்மா அடுத்த உருண்டையை அவர் கையில் வைத்தாள்.

"பேசாமத் தின்னுங்க" என்றாள். "நாளைக்குக் காலையில வலைக்குப் போகணும்ல."